அசல் சான்றிதழ்

மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் மறுபடி அந்தக் குளிர்ந்த கூடத்துக்குள் வந்து உட்கார்ந்ததும், எப்சிபாவின் கையில் ஒரு மஞ்சள் அட்டையையும் பச்சை மார்க்கரையும் திணித்துவிட்டுப் போனான் ரேவந்த். சென்னையிலிருந்து வந்திருந்த ஆலோசகன் அவன், முப்பது வயதிருக்கும், காலையிலிருந்து ஒரு தடவைகூட உட்காரவில்லை. "ஃப்ரெண்ட்ஸ், எல்லாரும் கண்ணை மூடிக்கோங்க. அஞ்சு வருஷம் கழிச்சு நம்ம சங்கம் எப்படி இருக்கணும்? ஒரே ஒரு வரி. ரொம்ப யோசிக்காதீங்க, முதல்ல என்ன வருதோ அதை எழுதுங்க." கண்ணை மூடினால் தூங்கிவிடுவோமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. ஓட்டல் பிரியாணி நெஞ்சுக்குழியில் கல்லாகக் கிடந்தது. ஏசிக் காற்று நேராக அவளுடைய வலது முழங்காலில் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. முந்தானையை இழுத்து மூடினாள். தென்மாவட்ட மருத்துவமனை மனிதவள அலுவலர் சங்கம் என்று மேடையில் பேனர் கட்டியிருந்தார்கள், அதற்குக் கீழே ஐந்தாண்டு வியூகத் திட்டக் கூட்டம், மதுரை. அறுபத்துநாலு மருத்துவமனைகள் உறுப்பினர். வந்திருந்தது இருபத்துமூன்று பேர். அதில் நாலு பேர் சாப்பாட்டோடு கழன்றுகொண்டார்கள். அவள்தான் சங்கத்தின் செயலாளர், ஆறு வருஷமாக. இருபத்தேழு வருஷமாகத் திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆட்களை வேலைக்கு எடுக்கிறாள், அனுப்புகிறாள், லீவு கொடுக்கிறாள், லீவை மறுக்கிறாள். ஐந்து வருஷம் கழித்து சங்கம் எப்படி இருக்கும் என்றால், ஐந்து வருஷம் கழித்து அவளுக்கு ஐம்பத்தெட்டு. அவ்வளவுதான் தோன்றியது. முதலில் வருவதை எழுதச் சொல்கிறான். முதலில் வருவது எப்போதும் ஒன்றுதான். பல் தேய்க்கும்போது வரும், பஸ் ஹாரன் அடிக்கும்போது வரும், ஜெபத்துக்குத் தலையைக் குனிந்தால் வரும். இல்ல டாக்டர். அந்த இரண்டு வார்த்தை. அதை அட்டையில் எழுத முடியாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பிப்ரவரி மாதம் ஒரு புதன்கிழமை செண்பகவல்லி அவளுடைய அறைக்கு வந்தாள். மூன்றாம் மாடி ஐசியூ நர்ஸ், ஊர் கோவில்பட்டி, தலைமுடியை இறுக்கி வலைக்குள் அடக்கி, காலணியைக் கதவுக்கு வெளியே கழற்றிவிட்டு வந்து நின்றாள். காலணியைக் கழற்ற வேண்டாம் என்று எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. கையில் ஒரு கடிதம். அரசு வேலைக்குத் தேர்வு எழுதி ஜெயித்திருந்தாள். அடுத்த புதன்கிழமை காலை பத்து மணிக்குச் சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்பு. அசல் இல்லாமல் வருபவர்கள் பரிசீலிக்கப்படமாட்டார்கள் என்று கடைசி வரி. அந்த அசல்கள் எப்சிபாவின் அறையில்தான் இருந்தன. வேலையில் சேருகிற அன்று எல்லா நர்ஸுகளிடமும் வாங்கி வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். இரண்டு வருஷம் முடித்தால்தான் திரும்பக் கிடைக்கும். செண்பகவல்லிக்கு இன்னும் நாலு மாசம் பாக்கி. "இதுதான் மேடம் கடைசி. அடுத்த தடவைன்னா வயசு தாண்டிரும். ஒரே ஒரு நாளுக்குத் தாங்க மேடம், வியாழக்கிழமை காலையில கொண்டுவந்து உங்க டேபிள்ல வச்சிருதேன்." எப்சிபா கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். நல்ல பெண். நோயாளியின் வாயைத் துடைக்கும்போது முகம் சுளிக்காத பெண். "ரெண்டு நாள் குடும்மா, எம்.டி. டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்றாள். மனதாரத்தான் சொன்னாள். மறுநாள் வியாழக்கிழமை கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போகவும் செய்தாள். மருத்துவமனையின் நிர்வாக இயக்குநரான டாக்டரின் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. உள்ளே அவர் மருந்து கொள்முதல் அலுவலரைப் பிய்த்து எடுத்துக்கொண்டிருந்தார். இந்த நேரத்திலா என்று திரும்பி வந்துவிட்டாள். அதுகூடப் பரவாயில்லை. அதை மன்னிக்கலாம். யாராக இருந்தாலும் திரும்பித்தான் வந்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழு வந்தது, அதையும் மன்னிக்கலாம். சனிக்கிழமைதான். சனிக்கிழமை ஆய்வு நல்லபடியாக முடிந்து டாக்டர் சிரித்த முகமாக இருந்தார். அவளை உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். தன் பேத்தி பரதநாட்டியம் ஆடிய வீடியோவைப் போனில் காட்டினார். பேத்திக்குத் தாளம் வரவில்லை; எப்சிபா ரொம்ப நல்லா ஆடுதா டாக்டர் என்றாள். அவள் எழுந்திருக்கும்போது அவரே கேட்டார்: "வேற ஏதும் உண்டா எப்சிபா?" இல்ல டாக்டர்.

ஏன் அப்படிச் சொன்னாள்? டீ ஆறியிருந்தது, அவர் சந்தோஷமாக இருந்தார், அந்தச் சந்தோஷத்தில் அவளுக்கும் ஒரு பங்கு இருந்தது, அதைக் கெடுக்க மனம் வரவில்லை, அவ்வளவுதானா? அவர் என்ன சொல்லியிருப்பார்? ஒருத்திக்குக் குடுத்தா நாளைக்கு முப்பது பேர் வந்து வரிசையில நிப்பாங்களே என்று சொல்லியிருப்பார். சொல்லியிருப்பார்தானே? நூற்றுக்குத் தொண்ணூறு. அந்தப் பத்து எங்கே போயிற்று? நம்ம ஆபீஸ் ஆள் ஒருத்தரை அவகூட அனுப்பி, அசலைத் திருப்பி வாங்கிட்டு வரச் சொல்லும்மா என்று சொல்லியிருக்கவும் கூடுமே. இரண்டு வருஷமாக அவள் டாக்டரின் வாயில் இரண்டு பதிலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கிறாள். முடியாது என்று அவர் சொல்வதைக் கேட்கும் நாளில் அவளுக்குச் சோறு இறங்கும். திங்கள்கிழமை காலை செண்பகவல்லி வந்து நின்றபோது, அவள் வாயைத் திறக்கும் முன்பே எப்சிபா சொல்லிவிட்டாள். "கேட்டேம்மா. முடியாதுன்னுட்டாரு." எவ்வளவு சரளமாக வந்தது! இருபத்தேழு வருஷப் பழக்கம். வருத்தமான முகத்தைக்கூட வைத்துக்கொண்டாள். செண்பகவல்லி அழவில்லை. கடிதத்தை இரண்டாக மடித்து, மறுபடி நாலாக மடித்து, சீருடைப் பையில் வைத்தாள். "நீங்க கேட்டதே பெருசு மேடம்" என்றாள். புதன்கிழமை அவள் லீவு போடவில்லை. காலை ஏழு மணிக்கு விரல் வைத்து உள்ளே போனதும், இரவு ஏழு மணிக்கு விரல் வைத்து வெளியே போனதும் வருகைப் பதிவில் இருந்தன. எப்சிபா அன்று நாலு தடவை அதைத் திறந்து பார்த்தாள்.

"மேடம், எழுதிட்டீங்களா?" ரேவந்த் குனிந்து கேட்டான். அட்டை காலியாக இருந்தது. மார்க்கர் மூடியைத் திறந்து அவள் வெகுநேரமாகப் பிடித்திருக்கிறாள் போலிருக்கிறது. விரலில் பச்சை ஏறியிருந்தது, அந்தச் சாராய நெடி மூக்கில் ஏறியது. சுவரில் நாலு பெரிய தாள்கள் ஒட்டியிருந்தார்கள்: பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல். காலை முழுக்க அதை நிரப்பியிருந்தார்கள். பலம் என்பதன் கீழ் பன்னிரண்டு வருஷ அனுபவம், உறுப்பினர்களிடையே குடும்பப் பாசம். பலவீனம் என்பதன் கீழ் இணையதளம் இல்லை, இளைஞர்கள் வருவதில்லை. அச்சுறுத்தல் என்பதன் கீழ் நர்ஸுகள் வெளிநாடு போய்விடுகிறார்கள் என்று யாரோ கொட்டை எழுத்தில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார்கள். கம்பத்திலிருந்து வந்த ஜெயவீரனாகத்தான் இருக்கும். பாவம், போன ஆடியில் ஒரே வாரத்தில் ஆறு நர்ஸுகள் போய் அவருடைய மருத்துவமனையில் ஐசியூவை இழுத்து மூடினார்கள். அந்த வாரத்தில் அவருக்கு ஒரு பக்கம் முகம் கோணிக்கொண்டது, இப்போதும் சிரித்தால் ஒரு கண் மூடுவதில்லை. யாரையும் கெட்டவர் என்று சொல்ல முடியாது. இந்தக் கூடத்தில் இருப்பவர்கள் எல்லோருமே, டாக்டரின் கதவுக்கு வெளியே கோப்போடு நின்றுவிட்டுத் திரும்பி வந்தவர்கள்தான். ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்தாள். இவருக்கு எத்தனை? இவருக்கு? கேட்டால் சொல்வார்களா? அவள் சொல்வாளா? மஞ்சள் அட்டையில் அவள் எழுத ஆரம்பித்தாள். உண்மையில் இதற்காகத்தான் வந்திருந்தாள். ஒரு மாசமாக இந்த வாக்கியத்தை மனதில் அடித்து அடித்துத் திருத்திக்கொண்டிருந்தாள். "உறுப்பினர் மருத்துவமனைகள் ஊழியர்களின் அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்த அன்றே திருப்பித் தர வேண்டும்." ஐந்து வருஷம் வேண்டாம், அன்றே. எழுத்து கோணலாகப் போயிற்று.

போன சித்திரை மாதம் ஒரு காலை அவளுக்கே நெஞ்சை அடைத்தது. வேலைக்குக் கிளம்பி, வீட்டு வாசலில் ஸ்கூட்டரைக் கிளப்ப முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய மருத்துவமனைக்கேதான் கொண்டுபோனார்கள், வேறெங்கே போக? லிஃப்ட் மூன்றாம் மாடியில் திறந்தபோது, ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி, ஏசுவே அவள் இன்று டியூட்டியில் இருக்கக் கூடாது என்றுதான் வேண்டினாள். தன் உயிருக்காக வேண்டவில்லை. செண்பகவல்லிதான் இருந்தாள். "கையை லூசா விடுங்க மேடம்." எப்சிபாவுக்கு நரம்பு கிடைக்காது, ரத்தம் எடுக்க வருகிறவர்கள் எல்லோரும் மூன்று நாலு இடத்தில் குத்திப் பார்ப்பார்கள். செண்பகவல்லி முழங்கையின் உட்பக்கத்தை இரண்டு விரலால் தட்டி, ஒரே குத்தில் ஏற்றிவிட்டாள். வலிக்கவே இல்லை. வலித்திருக்கலாம். பிளாஸ்திரியை ஒட்டி, ஓரத்தைத் தடவிவிட்டு, போர்வையைக் கால்வரை இழுத்துவிட்டாள். எப்சிபா அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஒரு நிழல், ஒரு இறுக்கம், உதட்டோரத்தில் ஏதாவது? ஒன்றும் இல்லை. மற்ற படுக்கைகளில் கிடந்தவர்களைப் பார்த்த அதே முகம். இரண்டு நாள் அங்கே கிடந்தாள். இரண்டு நாளும் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள், நான் அவரிடம் கேட்கவே இல்லையம்மா என்று. ஒவ்வொரு தடவையும் செண்பகவல்லி வெப்பமானியை அவளுடைய நாக்குக்கு அடியில் வைத்தாள். அப்படியல்ல, அதை எடுத்த பிறகும் வாய் திறந்தபடிதான் இருந்தது. வாயில் வார்த்தை இருந்தது. தண்ணி வேணும்மா என்றுதான் கேட்டாள்.

"அடுத்து நம்ம செக்ரட்டரி மேடம்!" என்று ரேவந்த் அட்டையை வாங்கிக்கொண்டு போனான். சத்தமாகப் படித்தான். கூடத்தில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. முன்வரிசையில் தலைவர் நல்லபெருமாள் மெல்லத் திரும்பிப் பார்த்தார். சங்கத்தைத் தொடங்கியவர் அவர்தான், ஓய்வு பெற்று எட்டு வருஷம் ஆகிறது, எப்சிபாவுக்கு அந்தக் காலத்தில் சம்பளப் பட்டியல் போடச் சொல்லிக்கொடுத்தவர். "எப்சிபாம்மா, ரெண்டு வார்த்தை சொல்லுங்களேன்" என்றார். எழுந்தாள். முழங்கால் பிடித்துக்கொண்டது, மேஜையை ஊன்றிக்கொண்டாள். "எங்க ஆஸ்பத்திரியில ஒரு நர்ஸ்" என்று ஆரம்பித்தாள். என்ன சொல்லப் போகிறாய், எப்சிபா? எந்த இடம் வரைக்கும் சொல்லப் போகிறாய்? "கவர்மென்ட் வேலை கிடைச்சிருந்தது. அசல் நம்மகிட்ட இருந்ததால போக முடியாமப் போச்சு. நிர்வாகம் ஒத்துக்கலை." நிர்வாகம் ஒத்துக்கலை. மறுபடியும் சொல்லிவிட்டாள். இந்த முறை பத்தொன்பது பேர் முன்னால். காது சுட்டது. உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது, ஆனால் நின்றாள். "இது நம்மளே செய்யிற தப்பு. டாக்டர்மாரைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனமில்லை. பீரோ சாவி நம்ம கையிலதான இருக்கு." ஜெயவீரன் கையைத் தூக்கினார். "மேடம் சொல்லுறது நூத்துக்கு நூறு நியாயம். எனக்கும் மக இருக்கா. ஆனா நாளைக்குக் காலையில நான் எல்லா சர்டிபிகேட்டையும் எடுத்துக் குடுத்தேன்னா, நாளன்னைக்கு வென்டிலேட்டர் பக்கத்துல நிக்க ஆளு இருக்காது. அங்க கிடக்குற பேஷன்ட்டுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?" எப்சிபாவிடம் அதற்குப் பதில் இருந்தது. சம்பளத்தைப் பற்றி, பன்னிரண்டு மணிநேர ஷிப்டைப் பற்றி, ஆள் நிற்கிற மாதிரி இடத்தை வைத்திருக்க வேண்டியதைப் பற்றி. ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்த பதில்கள். ஆனால் நிர்வாகம் ஒத்துக்கலை என்ற பொய் வாய்க்குள் கசந்துகொண்டே இருந்தது. அதற்கு மேல் எதைச் சொன்னாலும் அதன்மேல் அடுக்கியதாகத்தான் இருக்கும்.

நல்லபெருமாள் எழுந்து கைகூப்பினார். அவர் கைகூப்பினால் விவாதம் முடிந்தது என்று அர்த்தம். "ரொம்ப முக்கியமான விஷயம். மனசாட்சி உள்ளவங்களுக்குத்தான் இப்படித் தோணும். இதை அவசரப்பட்டு ஒரு வரியில போட்டுற வேண்டாம். எப்சிபாம்மா தலைமையிலேயே ஒரு துணைக் குழு போடுவோம். ஜெயவீரனும் இருக்கட்டும். எல்லா ஆஸ்பத்திரியிலயும் கருத்துக் கேட்டு, ரெண்டு வருஷத்துல அறிக்கை. என்ன சொல்றீங்க?" கை தட்டினார்கள். நிஜமாகவே தட்டினார்கள், ஜெயவீரன்தான் முதலில் தட்டினார், மூடாத அந்தக் கண்ணில் நீர்கூட இருந்தது. ரேவந்த் மஞ்சள் அட்டையை நாலு தாளில் எதிலும் ஒட்டாமல் ஜன்னலோரம் தனியாக இருந்த ஐந்தாவது தாளில் ஒட்டினான். பிறகு பார்ப்பவை என்று அதற்குத் தலைப்பு. வேறு இரண்டு அட்டைகள் ஏற்கெனவே அங்கே இருந்தன: சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம், குடும்பச் சுற்றுலா. எப்சிபா உட்கார்ந்தாள். எதிர்த்திருக்க வேண்டும், இல்லை சார், இன்றே ஓட்டுக்கு விடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். ஆனால் உடம்புக்குள் என்னவோ நடந்துகொண்டிருந்தது. தோள்பட்டை இறங்கிற்று. நெஞ்சுக்குழிக் கல் கரைந்தது. மூச்சு அடிவயிறு வரைக்கும் போய் வந்தது. முதலில் அது என்னவென்று அவளுக்கு விளங்கவில்லை, அப்புறம் விளங்கிற்று. நிம்மதி. இரண்டு வருஷம் கிடைத்திருக்கிறது. கருத்துக் கேட்கலாம், படிவம் தயாரிக்கலாம், கம்பத்துக்கும் ராஜபாளையத்துக்கும் போய் வரலாம். நாளைக்குக் காலையில் டாக்டரின் அறைக்குப் போய் இன்றிலிருந்து நம்ம ஆஸ்பத்திரியில் இந்த வழக்கம் வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. அதற்கு யாருடைய தீர்மானமும் வேண்டியிருக்கவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. சங்கம் எதற்கு? அறுபத்துநாலு மருத்துவமனை எதற்கு? ஒரு கதவு, ஒரு மனிதர். அந்தக் கதவைத் தட்டாமல் இருப்பதற்காகத்தான் ஒரு மாசமாக அந்த வாக்கியத்தைத் திருத்திக்கொண்டிருந்தாளா? இந்த நிம்மதியை அவள் எங்கேயோ அனுபவித்திருக்கிறாள். அந்தச் சனிக்கிழமை, டாக்டரின் அறையை விட்டு வெளியே வந்து படியில் கால் வைத்தபோது, இதே மாதிரி, தோள்பட்டை இறங்கிற்று. இரண்டு வருஷமாக அவள் மறந்துபோயிருந்தது இதைத்தான். பயந்தது ஞாபகம் இருந்தது, பொய் சொன்னது ஞாபகம் இருந்தது. சுகமாக இருந்தது ஞாபகத்தில் இல்லை.

டீ இடைவேளை விட்டதும் அவள் யாரிடமும் பேசாமல் வராந்தாவுக்கு வந்தாள். வெளியே வெயில் தார்ச்சாலையின்மேல் வெள்ளையாகக் கிடந்தது. கண்ணாடிக் கதவைத் தாண்டியதும் கன்னத்தில் அனல் அறைந்தது. போனை எடுத்தாள். மூன்றாம் மாடி என்று பதிந்து வைத்திருந்த எண். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் இல்லை, இப்போது, மனசு ஆறுவதற்குள், இந்த நிம்மதி எலும்பில் ஏறி உட்கார்வதற்குள். நாலாவது மணியில் எடுத்தார்கள். "ஐசியூ, செண்பகவல்லி." பின்னால் மானிட்டர்கள் சீராக ஒலித்துக்கொண்டிருந்தன.

"நான் எப்சிபா மேடம் பேசுதேம்மா."

"சொல்லுங்க மேடம். கூட்டத்துக்குப் போயிருக்கீங்கன்னு சொன்னாங்களே. உடம்பு நல்லாருக்கா? மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன். செண்பகம்." நான் அவரிடம் கேட்கவே இல்லை. நாலே வார்த்தை. அவளுக்குக் கேட்டது மானிட்டர் சத்தம் மட்டும்தான். "செண்பகம், உனக்கு ரெண்டு வருஷம் முடிஞ்சு எவ்வளவோ நாள் ஆச்சே. உன் சர்டிபிகேட்டெல்லாம் இன்னும் என் ரூம்லதான் இருக்கு. நீ வந்து வாங்கவே இல்லையே. நாளைக்கு வந்து வாங்கிக்கோம்மா. நானே எடுத்துத் தாரேன்."



"இப்ப என்னத்துக்கு மேடம் அது? வயசுதான் தாண்டிட்டுதே. அங்கயே இருக்கட்டும்." செண்பகவல்லி சாதாரணமாகத்தான் சொன்னாள், கடையில் விலை கேட்கிற மாதிரி. "எங்க வீடு ஓட்டு வீடு மேடம், மழை பெஞ்சா ஒழுகும். உங்க பீரோவுலன்னா பத்திரமா இருக்கும். வச்சிருக்கீங்களா மேடம்?"

"வச்சிருக்கேன்" என்றாள் எப்சிபா.

"சந்தோசம் மேடம். ஏழாம் பெட்ல கூப்பிடுதாங்க, வச்சிரட்டுமா?" போன் அணைந்தது. அவள் அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை. உள்ளே ரேவந்த் கை தட்டி எல்லோரையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அடுத்த அமர்வில் வேலைகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே செய்து முடிக்க வேண்டிய தேதியும் பொறுப்பாளர் பெயரும் போட வேண்டும். நல்லபெருமாள் கதவைப் பாதி திறந்து, எப்சிபாம்மா, வாங்க, உங்களுக்காகத்தான் காத்திருக்கோம் என்றார். வெயிலில் நின்று அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இதோ வந்துட்டேன் சார் என்று சொல்லி, வாய் காய்ந்திருந்ததால் சத்தம் வரவில்லை என்று தெரிந்து, இன்னொரு தடவை சொன்னாள்.